4 பேர் குழு, 38 லட்சம் பட்ஜெட். டெமோ ஆடினவங்க கேக்குறதைப் பார்த்தா 70 லட்சம் ஆகும் போல. எதை வெட்டுறது?

பூச்சந்தை_பில்ட் எழுதியது:

வணக்கம். பெங்களூருல நாலு பேர் (ரெண்டு புரோகிராமர், ஒரு ஆர்ட்டிஸ்ட், ஒரு டிசைனர்-கம்-ரைட்டர்) பண்ற பிசி கேம். யூனிட்டி (கேம் கட்டுற மென்பொருள்), 3டி, மேலிருந்து சாய்வா பார்க்குற கேமரா. விடியக்காலை 3 மணி, கே.ஆர். மார்க்கெட் பூச்சந்தை, ஒரு துப்பறியும் கதை. 14 கதாபாத்திரம், 30,000 வார்த்தை வசனம், ஆடி முடிக்க 4 மணி நேரம். மொழி தமிழும் ஆங்கிலமும். ஸ்டீம்ல (பிசி கேம் விக்கிற ஆன்லைன் கடை) 14.99 டாலர்னு யோசிக்கிறோம். உரையாடல் ஆரம்பிச்சா கேமரா கீழே இறங்கி, பேசுறவர் முகத்துக்கிட்ட போய் நிக்கும்.

ஆளுக்குச் சராசரியா மாசம் 80,000 வச்சா மாசத்துக்கு 3.2 லட்சம். 12 மாசத்துக்கு 38.4 லட்சம். இதான் போட்ட திட்டம்.

40 நிமிஷ டெமோவை 25 பேர்கிட்ட குடுத்தோம். வந்த பட்டியல் இது: எல்லா வசனத்துக்கும் குரல் வேணும், முகத்துல உணர்ச்சி இல்லை, உதடு அசையலை, கன்ட்ரோலர் வேணும், ஸ்டீம் டெக்ல (கையில வச்சு ஆடுற பிசி) ஓடணும், 8-10 மணி நேரமாவது இருக்கணும், குறைஞ்சது மூணு முடிவு வேணும். எல்லாத்தையும் போட்டா 22 மாசம், சம்பளமே 70.4 லட்சம்.

இதுல எது நிஜமாவே விற்பனையைத் தீர்மானிக்கும், எது இல்லாட்டியும் ஓடும்? பணக்கணக்கு தெரிஞ்சவங்களும் சொல்லுங்க.

---

முக்கோணம்_எண்ணி எழுதியது:

அந்தப் பட்டியல்ல பாதியை உங்க கேமராதான் கேக்க வச்சிருக்கு. அதுல இருந்தே தொடங்கலாம்.

கேமரா 12 மீட்டர் தள்ளி இருக்கு, செங்குத்துக் கோணம் 40 டிகிரி, திரை 1080 பிக்சல் உயரம்னு வைங்க. திரையில ஒரு ஆளோட தலை 30 பிக்சல் கூட வராது. அந்த அளவுல கண் ரெண்டு புள்ளி, வாய் ஒரு கோடு. யாரும் உதட்டசைவு கேக்க மாட்டாங்க. அதே கேமரா 1.5 மீட்டருக்கு வந்தா தலை 230 பிக்சல். இப்ப கண் இமைக்கலைன்னா பொம்மை, பல் இல்லைன்னா பேய். பார்க்குறவர் மனசு உடனே பெரிய கம்பெனி கேமோட ஒப்பிடத் தொடங்கிடும். ஒப்பிடச் சொன்னது நீங்கதான்.

அந்த நெருக்கத்துக்கு ஒரு முகம் என்ன கேக்கும்னு பாருங்க. தனியா தலை மாடல், பல், நாக்கு, முடிக்குத் தகடுகள், கண்ணுக்குத் தனி ஷேடர் (ஒளி எப்படிப் படணும்னு சொல்ற நிரல்). அதுக்குமேல பிளெண்ட்ஷேப், அதாவது முகத்தோட ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு வடிவம். ஆப்பிளோட ஏஆர்கிட் முகப் பட்டியலை அப்படியே எடுத்தா 52. அப்புறம் உதட்டசைவை ஒலியோட பொருத்தி, தப்பா வர்றதைக் கையால திருத்தணும். ஒரே ஆர்ட்டிஸ்ட்னா முகத்துக்கு ரெண்டு வாரம், அதுவும் எல்லாம் சரியாப் போனா. 14 முகம்னா 28 வாரம், ஆறரை மாசம். உங்க கூடுதல் 10 மாசத்துல பெரும்பங்கு இங்கதான் ஒளிஞ்சிருக்கு.

மாத்து வழி: உரையாடல்ல கேமரா 12-ல இருந்து 8 மீட்டருக்கு மட்டும் வரட்டும். பேசுறவர் முகம் திரை ஓரத்துல கையால வரைஞ்ச ஓவியமா வரட்டும். ஆளுக்கு 5 உணர்ச்சி, மொத்தம் 70 ஓவியம். முதல் ஓவியத்துக்கு ஒன்றரை நாள், அதுமேல உணர்ச்சி மாத்த ஒண்ணுக்கு அரை நாள். 14 பேருக்கு 49 வேலை நாள். இதுல இன்னொரு லாபமும் இருக்கு: கடைசி மாசத்துல ஒரு வசனத்தை மாத்தினா ஓவியம் கெடாது, உதட்டசைவு கெடும்.

செலவு ஏன் இப்படி ஏறுதுங்கிறதுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு 4096×4096 டெக்ஸ்சர் (மாடல் மேல ஒட்டுற படம்), பிசி7ங்கிற முறைல சுருக்கினா பிக்சலுக்கு ஒரு பைட், ஆக 16 எம்பி. மிப்மேப்போட (தூரத்துல காட்ட வைக்கிற சின்ன நகல்கள்) 21 எம்பி சொச்சம். நிறம், நார்மல் (மேடு பள்ளம்), கரடுமுரடுன்னு மூணு மேப் சேர்ந்தா 64 எம்பி. ஒரு பூக்கூடைக்கு இப்படிப் போட்டா அந்தக் கூடை மட்டும் ப்ளேஸ்டேஷன் 2-ஓட மொத்த மெயின் மெமரி மாதிரி ரெண்டு மடங்கு. அதுல இருந்தது 32 எம்பி. நினைவகம் பெருகினது இயந்திரத்துக்கு. அந்த இடத்தை நிரப்ப வேண்டியது ஆள். கூடையோட மூங்கில் பின்னல் இழை இழையாத் தெரியணும்னு ஆனதும், அதைச் செதுக்க ஒருத்தர் உக்காரணும்.

அதனால பூச்சந்தையை இப்படிக் கட்டுங்க. ஒரே 2048 ட்ரிம் ஷீட், அதாவது எல்லா மாடலும் பங்கு போட்டுக்கிற ஒரு டெக்ஸ்சர். அதுல தார்ப்பாய், சாக்கு, மூங்கில், துருப்பிடிச்ச தகரம், ஈரத் தரை, நூல்கண்டு எல்லாம் பட்டை பட்டையா. கடைச் சட்டம் ஒண்ணு, கூடை 3 அளவு, பூக்குவியல் 6 வடிவம், தராசு, குண்டு பல்பு. சாமந்தியோட மஞ்சளும் ஆரஞ்சும் வெர்டெக்ஸ் நிறத்துல (மாடலோட முனைப் புள்ளிகள்ல பூசுற நிறம்) வரட்டும். டெக்ஸ்சரை மாத்தாதீங்க. முதல் கடைக்கு எட்டு ஒன்பது நாள் ஆகும். பயப்பட வேண்டாம். அந்தத் துண்டுகளை வச்சு அடுத்த கடை அரை நாள்ல நிக்கும். 40 கடைக்கு 40 மாடல் பண்ணினா இந்த வருஷம் முடியாது.

இன்னொண்ணு. மதிப்பீட்டை இப்பவே கிழிச்சுப் போட்டுட்டு, கதைல ஒரு 10 நிமிஷத்தை மட்டும் நாளைக்கே விக்கிற தரத்துக்கு முடிங்க. ஓவியம், புரோகிராமிங், எழுத்து, ஒலி, பிழைதிருத்தம்னு அஞ்சு பத்தில மணிக்கணக்கைக் குறிங்க. பிறகு பெருக்குங்க. பெரும்பாலான திட்டத்துல அஞ்சாவது பத்தி இருக்கவே இருக்காது. அட்டவணை அங்கதான் உடையும்.

---

கணக்குப்புள்ள எழுதியது:

38.4 லட்சம் சம்பளம் மட்டும். பட்ஜெட் வேற. இசை, ஒலி, ஸ்டோர் முகப்புப் படம், மொழி சரிபார்ப்பு, வெளி டெஸ்டர், ஆடிட்டர், ரெண்டு லேப்டாப், எதிர்பாராததுன்னு 12 லட்சமாவது தள்ளி வைங்க. ஆக 50.4 லட்சம்.

வரவு பக்கம். 14.99 டாலர்ல முழு விலைக்கு வாங்குறவங்க குறைவு. பிராந்திய விலை, தள்ளுபடி, ரிஃபண்ட், ஐரோப்பிய வாட் எல்லாம் போய் ஒரு பிரதிக்கு 7 டாலர் நிக்குதுன்னு வச்சுக்குவோம் (இது என் அனுமானம், உங்க எண்ணைப் போட்டுப் பாருங்க). ஸ்டீம் பங்கு 30%. அது 1 கோடி டாலர் தாண்டினாதான் 25%, 5 கோடி தாண்டினா 20%. நமக்கு அந்தக் கவலை வேண்டாம். மிச்சம் 4.90. இதுல அமெரிக்க விற்பனைக்கு மட்டும் அங்க வரி பிடிப்பாங்க. ஸ்டீம்ல வரி விவரம் குடுக்கும்போது பான் எண்ணைப் போட்டு இந்திய-அமெரிக்க ஒப்பந்தத்தைக் கோரினா 15%, கோட்டை விட்டா 30%. விற்பனைல 40% அமெரிக்கான்னு வச்சா பிரதிக்கு 29 சென்ட் போகும். கைக்கு 4.60 டாலர். டாலருக்கு 85 ரூபாய்னு கணக்கு போட்டா 391 ரூபாய்.

50.4 லட்சத்தை 391-ஆல வகுத்தா 12,900 பிரதி. அதே 22 மாசத் திட்டம்னா 82.4 லட்சம், 21,000 பிரதி. வித்தியாசம் 8,200. ஆக கேள்வி இப்படித்தான் நிக்குது: அந்தப் பட்டியல் 8,200 பேரைக் கூடுதலா வாங்க வைக்குமா? ஒவ்வொரு வசதிக்கும் இதையே கேளுங்க. ஒரு மாச வேலை 3.2 லட்சம், அதாவது 820 பிரதி. மூணு முடிவு வேணும்னு யாராவது சொன்னா, அது எத்தனை மாசம், எத்தனை 820-ன்னு சுவத்துல எழுதி ஒட்டுங்க.

பிடிச்ச அமெரிக்க வரியை இங்க கழிக்கத் தனிப் படிவம் இருக்கு. ஆனா இங்க கட்ட வேண்டிய வரி இருந்தாதான் கழிக்க முடியும். நஷ்ட வருஷத்துல பிரயோஜனம் இல்லை. ஜிஎஸ்டில ஏற்றுமதிக்கு எல்யூடி (வரி கட்டாம ஏற்றுமதி பண்றதுக்கான உறுதிமொழிக் கடிதம்) போட்டு வைங்க. யூனிட்டிக்குக் காசு கட்டணுமான்னு யோசிச்சா, 12 மாசத்துல வரவும் முதலீடும் சேர்த்து 2 லட்சம் டாலர் தாண்டுற வரைக்கும் பர்சனல் உரிமமே போதும். 2023-ல அறிவிச்ச, ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் காசு கேக்குற அந்தக் கட்டணத்தை 2024 செப்டம்பர்ல அவங்களே ரத்து பண்ணிட்டாங்க.

---

மைக்_மணி எழுதியது:

குரல் பத்தி மட்டும்.

30,000 வார்த்தைனா நிமிஷத்துக்கு 150 வச்சு 200 நிமிஷ ஒலி. வரிக்கு 10 வார்த்தை, 3,000 வரி. ஸ்டுடியோல மணிக்கு 70 வரி நல்ல வேகம். ஒரு மொழிக்கு 43 மணி நேரம், ரெண்டு மொழிக்கு 86. அதுக்குமேல வெட்டி, சுத்தம் பண்ணி, பேர் வச்சு எஞ்சின்ல ஏத்துற வேலை. பணத்தைவிடப் பெரிய சிக்கல் வேற: பதிவு பண்ணின நாள்ல இருந்து வசனம் உறைஞ்சிடும். துப்பறியும் கதைல துப்பு புரியலைன்னு டெஸ்டர் சொன்னா வரியை மாத்தித்தானே ஆகணும். ஒரு வரிக்காக நடிகரைத் திரும்பக் கூப்பிட்டா அதே மைக், அதே தூரம், அதே தொண்டை கிடைக்காது.

முழு வசனம் வேண்டாம். ஆளுக்கு 20 சின்னச் சத்தம்: "ம்ம்", "அட", "என்னங்க", ஒரு பெருமூச்சு, ஒரு சிரிப்பு, பூ விக்கிற கூவல். 14 பேருக்கு 280 துண்டு, 4 மணி நேரத்துல முடியும். அதுல தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வரட்டும், மார்க்கெட் அப்படித்தானே இருக்கு. பெட்டில வசனம் வரும்போது முதல்ல ஒரு சத்தம் வந்தாலே காது திருப்தியாயிடும். சந்தையோட பின்னணி ஒலிக்கு மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. டெம்போ ரிவர்ஸ் எடுக்குற பீப், ஈரத் தரைல செருப்பு, நூல் இழுத்துக் கட்டுற சத்தம் எல்லாம் தனித்தனியா எடுங்க.

---

டெக்கும்_துட்டும் எழுதியது:

மேலே இருக்கிறவங்களோட ஒத்துப் போறேன், ஒண்ணைத் தவிர. கன்ட்ரோலரை 820 பிரதிக் கணக்குல வச்சு வெட்டிடாதீங்க. அது இப்ப தொட்டா ஒரு வாரம், கடைசில தொட்டா ஒரு மாசம்.

ஏன்னா பட்டன் மேப்பிங் ஒண்ணும் வேலையே இல்லை. இடிக்கிறது மெனு. மவுஸ் வச்சு எழுதின மெனுல "இப்ப எது தேர்வாயிருக்கு"ங்கிற நிலையே இருக்காது. துப்புப் பலகையைத் திறந்து மூடினா தேர்வு எங்கே போச்சுன்னு தெரியாம ஆட்டம் உறைஞ்ச மாதிரி நிக்கும். ஒவ்வொரு திரைக்கும் திறந்ததும் எந்தப் பட்டன், மூடினதும் எந்தப் பட்டன்னு இப்பவே எழுதி வைங்க. மவுஸ் அசைஞ்சா கீபோர்டு படம், ஸ்டிக் அசைஞ்சா கன்ட்ரோலர் படம், நடு ஆட்டத்துல மாறணும். ஸ்டிக்குக்கு 0.2 டெட்ஸோன் (இதுக்குக் கீழான அசைவைக் கண்டுக்காத எல்லை) வைக்கலைன்னா பழைய கன்ட்ரோலர்ல ஆள் தானா நடப்பார்.

டெக் திரை 1280×800. அங்கே மிகச் சின்ன எழுத்து 9 பிக்சலுக்குக் கீழே போகக் கூடாதுன்னு வால்வ் (ஸ்டீம் நடத்துற கம்பெனி) விதி. அது ஆங்கிலத்தை மனசுல வச்சு எழுதினது. 9 பிக்சல்ல "ன"வும் "ண"வும் ஒண்ணாத்தான் தெரியும், சுழி அடைஞ்சு போயிடும். துப்பறியும் கேம்ல "பனி"யா "பணி"யான்னு தெரியலைன்னா கதையே போச்சு. தமிழுக்கு 22 பிக்சலுக்குக் கீழே போகாதீங்க. ஆங்கிலப் பெட்டியைவிட 40% அகலம் விட்டு வைங்க.

நேரம் பத்தி: 8-10 மணி நேரம் கேட்டதை அப்படியே எடுத்துக்காதீங்க. "இன்னும் என்ன வேணும்"னு கேட்டா யாரும் "போதும்"னு சொல்ல மாட்டாங்க. கேள்வித்தாளைத் தூக்கிப் போட்டுட்டு பதிவைப் பாருங்க. 25 பேர்ல எத்தனை பேர் 40 நிமிஷத்தையும் ஆடினாங்க, மத்தவங்க எந்த அறைல வெளியே போனாங்க. ஒரே அறைல ஆறு பேர் நின்னிருந்தா செலவு அங்கே. ஸ்டீம்ல வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் குறைவா ஆடியிருந்தா ரிஃபண்ட் கிடைக்கும். ஆக உங்க 4 மணி நேரத்துல முதல் பாதிதான் காசு. திக்கித் திணறி ஓடுறது, சேவ் அழியுறது, எங்கே போறதுன்னு தெரியாதது எல்லாம் அங்கே ஒண்ணு கூட இருக்கக் கூடாது.

ஸ்டோர் பக்கத்துல "சுமார் 4 மணி நேரம், வசனத்துக்குக் குரல் இல்லை"ன்னு பச்சையா எழுதுங்க. ட்ரெய்லரோட முதல் 10 நொடில உரையாடல் பெட்டி தெரியணும். ஓப்பன் வேர்ல்டுன்னு டேக் போட்டா வர்ற கூட்டம் வேற, அவங்க எழுதுற ரிவ்யூவும் வேற. நெக்ஸ்ட் ஃபெஸ்ட்ல (ஸ்டீம் நடத்துற டெமோ விழா) ஒரு கேம் ஒரே தடவைதான் கலந்துக்க முடியும். முகம் சரியாகுற வரைக்கும் அந்தச் சீட்டைக் கிழிக்காதீங்க.

---

பூச்சந்தை_பில்ட் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கேமராவை 8 மீட்டர்ல நிறுத்துறோம், குரலுக்குச் சின்னச் சத்தம், கன்ட்ரோலர் இந்த வாரமே. பதிவைப் பார்த்தா உண்மையாவே ஏழு பேர் தராசுக் கடைலதான் விட்டிருக்காங்க.

ரெண்டு சந்தேகம். ஒண்ணு, டெமோ ஆடின ஒருத்தர் "எக்ஸ்பெடிஷன் 33 கேமை 30 பேர்தானே பண்ணாங்க, உங்களால ஏன் முடியாது"ன்னு எழுதியிருக்கார். என்ன சொல்றது? ரெண்டு, டெக்ஸ்ட்மெஷ் ப்ரோல (யூனிட்டில எழுத்தைக் காட்டுற கருவி) தமிழ் உடைஞ்சு வருது. "கேள்வி"ல கொம்பு "க"வுக்குப் பின்னாடி போகுது. கன்னடமும் பின்னாடி சேர்க்கலாம்னு ஒரு எண்ணம்.

---

முக்கோணம்_எண்ணி எழுதியது:

30 பேர்ங்கிறது அந்த கேமைப் பண்ணின சாண்ட்ஃபால் கம்பெனியோட உள் குழு. கிரெடிட்ஸை ஓட விட்டுப் பாருங்க: சண்டை அனிமேஷனுக்குக் கொரியாவுல ஒரு குழு, குரல் நடிகர்கள், இசைக் கலைஞர்கள், டெஸ்டிங், மொழிபெயர்ப்புன்னு நீளும். நாலு பேருக்கு 30 பேரே ஏழரை மடங்கு.

பெரிய பக்கத்தோட எண்ணையும் அவர்கிட்ட காட்டலாம். 2023 ஜூன்ல மைக்ரோசாஃப்ட்-ஆக்டிவிஷன் வழக்குல சோனி குடுத்த தாள்ல மார்க்கரால மறைச்ச கேம் செலவு எண்கள் ஸ்கேன்ல தெரிஞ்சு போச்சு. தி லாஸ்ட் ஆஃப் அஸ் ரெண்டாம் பாகம் 22 கோடி டாலர், உச்சத்துல சுமார் 200 பேர். ஹொரைசன் ஃபார்பிடன் வெஸ்ட் 21.2 கோடி டாலர், 300 பேருக்கு மேல, அஞ்சு வருஷம். ஆள்-மாசத்துக்கு 10,000 டாலர்ங்கிற பழைய வாய்ப்பாட்டுல 300 பேரை 60 மாசம் வச்சாலே 18 கோடி. இதுல மாயம் எதுவும் இல்லை, தலைக்கணக்குதான். விலை மட்டும் 2005-06 வாக்குல வந்த 60 டாலர்லயே 2020 வரைக்கும் நின்னு, அப்புறம்தான் 70 ஆச்சு.

அவருக்குப் பதில் எழுதாம விட்டாலும் தப்பில்லை.

---

எழுத்துரு_ஏகாம்பரம் எழுதியது:

டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவுக்கு எழுத்தைக் கோத்து வடிவமைக்கிற வேலை தெரியாது. யூனிகோட்ல "கே" என்பது முதல்ல க, பிறகு ே. அது வந்த வரிசைலயே வரையும். "கொ"வில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரியணும், அதுவும் நடக்காது. "கு", "து" போன்றவற்றுக்கு எழுத்துருவில் தனி உரு இருந்தாலும் அதை எடுக்காது.

தமிழ் மட்டும் என்றால் குறுக்கு வழி டேஸ்16 என்ற தமிழ் எழுத்துக் குறியீடு. தமிழ்நாடு அரசு 2010-ல் தரமாக அறிவித்தது. அதில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண், யூனிகோடின் தனிப்பயன் பகுதியில். வசனக் கோப்பை யூனிகோடிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பில்ட் ஆகும்போது டேஸ்16-க்கு மாற்றி, அந்த வகை எழுத்துருவில் அட்லஸ் (எல்லா உருவும் அடங்கிய ஒரே படம்) செய்யுங்கள். மொத்தம் சில நூறு உரு, 2048 அட்லஸில் அடங்கும். எழுத்து எழுத்தாகத் தட்டச்சாகும் விளைவு போட்டாலும் "கே" முழுதாக ஒரே தட்டில் வரும். யூனிகோடில் அது முதலில் "க" காட்டிப் பிறகு "கே" ஆகி நடுங்கும். எழுத்துருவின் உரிமத்தை மட்டும் படித்துவிடுங்கள், கேமுக்குள் பொதித்து விற்க அனுமதி வேண்டும்.

கன்னடத்துக்கு இந்த வழி இல்லை. கூட்டெழுத்தின் ஒத்தக்ஷரம் கீழே அடுக்கிக்கொண்டு போகும், ஒவ்வொரு கூட்டுக்கும் எண் கொடுத்து மாளாது. எழுத்தைக் கோத்து வடிவமைக்கிற ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகம் வேண்டும். யூனிட்டி 6-ல் மெனு, பெட்டிகள் கட்டும் கருவியான யூஐ டூல்கிட்டின் புதிய எழுத்து உருவாக்கியில் அது இருக்கிறது. கோடோ 4, அன்ரியல் என்ற மற்ற கேம் எஞ்சின்களிலும் ஏற்கெனவே உண்டு. கன்னடம் உறுதி என்றால் உரையாடல் பெட்டியை இப்போதே யூஐ டூல்கிட்டில் எழுதுங்கள், டேஸ்16 பக்கமே போக வேண்டாம். முதலில் ஒரு பெட்டியில் "கொண்டைக்கடலை"யும் "ಅಕ್ಷರ"வும் சரியாக விழுகிறதா என்று பாருங்கள். கன்ட்ரோலருக்காக மெனுவைப் பிரிக்கிற வாரத்திலேயே இதையும் செய்துவிடலாம், இரண்டுக்கும் தொடுகிற கோப்புகள் ஒன்றுதான்.